திக்காத சொல்

சுடலைக்கண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். தன் பேரைச் சொல்லி முடிக்கவே அரை நிமிஷம் ஆகும். தூத்துக்குடித் துறைமுகத்தில் சிக்னல்மேன் வேலை கிடைத்தபோது, குலசாமிக்குப் பொங்கல் வைத்தான். கப்பல் தளத்தில் நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. ஏற்று, இறக்கு, நிறுத்து. எட்டு மணி நேரமும் வாயைத் திறக்காமலே ஓட்டிவிடலாம்.

ஆனால் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது. பாட்டாகக் கட்டிச் சொன்னால் அவனுக்குத் திக்காது.

எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு தரம் அது வெளியே வந்துவிட்டது. செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னார் வாத்தியார். நாலு வரியையும் தண்ணீர் போலச் சொன்னான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் மட்டும், "அப்போ இத்தனை நாளும் நடிச்சியால?" என்று பிரம்பை எடுத்தார். அன்றைக்கே அதை ஒளித்து வைத்தான். ஒளித்தானே தவிர, விட்டுவிடவில்லை. கிரேன் கொக்கி போய்த் திரும்பும் இடைவெளியில் உதட்டுக்குள்ளேயே இரண்டு வரி கட்டுவான். "எந்தக் காட்டு மரமோ நீ, எங்க உப்பை நக்குதியே" என்று அன்று காலையில்கூட கொக்கியில் தொங்கிய ஒரு மரத்தடியைப் பார்த்துச் சொல்லியிருந்தான். அப்படிச் சொல்லும்போது மட்டும் வாய் அவனுடையதாக இருந்தது.

அது வெட்டிய மரத்தடிகளை ஏற்றி வந்த கப்பல். ஹோல்டு எனும் சரக்கறைகளில் முதல் இரண்டைத் திறந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஹோல்டு இன்னும் மூடியே கிடந்தது. மர வியாபாரியின் ஆளான காயல்பட்டினத்து முஸம்மில், தடிகளில் உள்ள அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அதன் சின்ன மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினான். பத்தடி இறங்கியிருப்பான். ஏணியின் முதல் மேடையிலேயே துவண்டு விழுந்தான்.

"காக்கா!" என்று அண்ணனைக் கூப்பிட்டு அலறிக்கொண்டு ஓடினான் அவன் தம்பி இஹ்ஸான். பின்னாலேயே ஃபோர்மேன் ராஜதுரையும் ஓடினார்.

இரண்டாவது ஹோல்டின் விளிம்பில் நின்ற கண்ணன் இரண்டு கையையும் உயர்த்தி கிரேனை நிறுத்தினான். போன மாசம் நடந்த பாதுகாப்பு வகுப்பு சுரீரென்று நினைவுக்கு வந்தது. மூடிக் கிடக்கும் ஹோல்டில் மரத்தடி காற்றிலுள்ள பிராணவாயுவையெல்லாம் எடுத்துக்கொள்ளும். காப்பாற்ற இறங்குகிறவன்தான் அடுத்த பிணம்.

"இ... இ... இ..."

இறங்காதே என்ற சொல் தொண்டையில் கல்லாக நின்றது. தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து இஹ்ஸான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு திறப்புக்குள் காலை விட்டான்.

கண்ணன் கையைச் சைகையாக ஆட்டினான். யாரும் பார்க்கவில்லை. ஓடினாலும் எட்டாது. பக்கத்து இரும்பில் உள்ளங்கையை ஓங்கி அடித்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் வாய் திறந்துகொண்டது.

"இறங்காதே இறங்காதே ஏணியிலே இறங்காதே!
மரத்தடிக காத்தையெல்லாம் மடக்குமடக்காக் குடிச்சாச்சு!
போனவனும் வரமாட்டான் போறவனும் வரமாட்டான்!"

தளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஊமை மாதிரி இருந்தவன் பாடுகிறான்! இஹ்ஸான் ஒரு நொடி அசந்து நின்றான். அந்த நொடியில் கண்ணன் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

பளாரென்று கண்ணன் கன்னத்தில் அறை விழுந்தது. "என் காக்கா உள்ள கிடக்கான், நீ பாட்டா படிக்கே? வரமாட்டான்னா சொல்லுதே?"

திறப்புக்குள் எட்டிப் பார்த்தால் முஸம்மிலின் நீலச் சட்டை தெரிந்தது. நாலு எட்டு இறங்கினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. அதுதான் பயங்கரம். இஹ்ஸான் திமிறினான். கண்ணன் அவன் இடுப்பை விடாமல், மூச்சிரைக்க, அதே வரிகளைத் திரும்பவும் சொன்னான். ராஜதுரையின் முகம் மாறியது. அவரும் அந்த வகுப்பில் இருந்தவர்தான்.

"ஏலே, அவன் சும்மா பாடல, சரியாத்தான் சொல்லுதான்! உள்ள காத்து இல்லலே!" அவர் இஹ்ஸானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கண்ணா, வாக்கி-டாக்கியில சொல்லு!"

வாக்கி-டாக்கி கண்ணனின் நெஞ்சில் தொங்கியது. பட்டனை அழுத்தினான். "மூ... மூ..." அவ்வளவுதான். கண்ணை மூடித் தொடையில் தட்டினான்.

"மூணு நம்பர் ஹோல்டுக்குள்ள முதமேடையில் ஒரு மனுசன்!
மூச்சு செட்டு கொண்டு வாங்க, முழுவேகமா ஓடி வாங்க!"

"யாரு அது பாடுறது? சேனலை விடுங்க!" என்றது கன்ட்ரோல் அறையில் வேலை பார்க்கும் செல்வலட்சுமியின் குரல்.

கண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிரம்பு ஓங்கி நிற்பதுபோல இருந்தது. பட்டனை விட்டு விலக நினைத்த விரலால் மறுபடி அழுத்தினான். இரண்டாம் தரம் சொன்னான். மூன்றாம் தரம் எந்தக் கப்பல், அது எந்த பெர்த்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கட்டிச் சொன்னான்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு அவள் குரல் மாறி வந்தது. "மூணாவது ஹோல்டு. முதமேடையில ஒரு ஆளு. மூச்சு செட்டு வேணும். கேட்டாச்சு அண்ணாச்சி, வாராங்க."

கப்பல்காரர்கள் காற்றுக் குழாயை இழுத்துவந்து திறப்புக்குள் விட்டார்கள். மூச்சு செட்டு வர ஏழு நிமிஷம் ஆனது. இஹ்ஸான் தளத்தில் நெற்றியை வைத்து ஓதிக்கொண்டே கிடந்தான். கீழே நீலச் சட்டை அசைந்ததா, காற்றில் படபடத்ததா என்று தெரியவில்லை. முதுகில் சிலிண்டரோடு இரண்டு பேர் இறங்கி முஸம்மிலைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றியபோது அவன் உதடு கறுத்திருந்தது. ஆனால் மூச்சு இருந்தது.

ஐந்தாம் நாள்தான் முஸம்மிலுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. இடது கையில் நடுக்கம் தங்கிவிட்டது. சில பேர்கள் மறந்துபோயிருந்தன. பிழைத்தான், அதுவே பெரிது என்றார்கள் வீட்டார்.

கண்ணன் பாடிய கதை துறைமுகமெங்கும் பரவியது. ராஜதுரை போனை நீட்டினார். "எங்க, இன்னொரு தடவை பாடு. வீடியோ எடுத்துப் போடுவோம்."

கண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

விபத்து பற்றி விசாரணை நடந்த அன்று அதிகாரி நல்லவிதமாகவே சொன்னார். "உங்களுக்குச் சிரமம்னா பாட்டாவே சொல்லலாம். நான் எழுதிக்கிடுதேன்."

சாட்சியாக வந்திருந்த இஹ்ஸான் நிமிர்ந்து பார்த்தான். இருபது வருஷமாகப் பாட்டு வரிகளில்தான் கண்ணன் ஒளிந்து வாழ்ந்திருக்கிறான். அன்று ஒரு உயிருக்காகக் கதவைத் திறந்தான், அதில் வருத்தமில்லை. அதற்காக எல்லோரையும் உள்ளே விட முடியுமா?

"பா... பாட்டு எனக்குன்னு உ... உள்ளது சார். இது ஆ... ஆபீஸுக்கு. பே... பேசியே சொல்லுதேன்."

ஐம்பது நிமிஷம் ஆனது. 'இறங்காதே' என்ற சொல்லில் சிக்கி மிகவும் தவித்தான். பக்கத்தில் இருந்த இஹ்ஸானுக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தவன், திரும்ப மூடிக்கொண்டு காத்திருந்தான்.