முள்ளுப் பசளை

மீன் தலைகள் நிறைந்த வாளிகளை மோட்டார் சைக்கிளில் இருந்து ஜவாத் இறக்கியபோதே, றிஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அவளுக்கு நாலாம் மாதம். முதல் பிள்ளை தங்காமல் போனதில் இருந்து அந்த வீட்டில் இருவரும் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார்கள்.

கடைகளில் உரம், பசளை எதுவும் கிடைக்காத பெரும்போக நெல் பருவம் அது. வயலில் வேளாண்மைப் பயிர் ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. இலைகளில் ஊதா படர்ந்திருந்தது; பிடுங்கிப் பார்த்தால் வேர் நூலாகத் தொங்கியது. மண்ணில் பொஸ்பரஸ் போதாது, மீன் முள்ளில் அது இருக்கிறது என்று விவசாயிகளுக்கான கமநலக் கந்தோரில் சொன்னார்கள். அதனால்தான் கடலோரக் களப்பில் வலை வீசும் செல்லத்தம்பியிடம் ஜவாத் போயிருந்தான்.

போகவே கூச்சமாக இருந்தது. முன்பெல்லாம் வயல்காரர்கள் அள்ளி வீசிய பசளை மழையோடு வடிந்து, களப்பைப் பாசி பிடித்த பச்சைக் கூழாக்கி, மீன்கள் செத்து மிதந்ததுண்டு. அப்போது வயல்காரர்களோடு சண்டைக்கு வந்தவர் செல்லத்தம்பி. இப்போது அவர் வலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"உங்கட பசளையெல்லாம் எங்கட களப்புக்குத்தானே தம்பி வந்தது. அதில கொஞ்சம் இந்த முள்ளுக்குள்ள இருக்கும். கொண்டு போங்க."

முள்ளைச் சுட்டு இடித்துத் தூவினான். எத்தனை முறை குளித்தாலும் வாடை உடம்பை விட்டுப் போகவில்லை. றிஸ்லாவுக்குச் சோறு தங்கவில்லை. அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு, அவள் சொல்லாமலே, அவன் வயல் காவல் குடிலான வாடிக்குப் போய்விட்டான். அந்தியில் வந்து வாசல் படலையடியில் நின்று, சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத் திரும்புவான்.

ஒரு காலையில் வரம்போரம் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சோற்றுப் பார்சலோடு றிஸ்லா இறங்கினாள். அவன் பதறிப் பின்வாங்கினான்.

"கிட்ட வராத புள்ள. மணக்கும்."

"மணந்தா மணக்கட்டும். நீங்க இல்லாமத்தான் எனக்குச் சோறு இறங்குதில்ல. ஊட்டுக்கு வாங்க."

அவன் குனிந்து காலைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இருவரும் வரம்பில் குந்தி ஒரே பார்சலில் தின்றார்கள். நடுவில் அவளுக்கு ஓங்காளித்தது. அவன் தோளைப் பற்றிக் குனிந்திருந்தாள், பிறகு இன்னொரு வாய் எடுத்தாள். வயலின் பள்ளப் பக்கம் மட்டும் பயிரில் புதுப்பச்சை தெரிந்தது. மேட்டில் இன்னும் ஊதா.

மேற்கே மழை கறுத்தது. தூவியதெல்லாம் மறுபடி களப்புக்குப் போய்விடும் என்று ஜவாத் எழுந்து, தண்ணீர் வெளியேறும் வக்கடையைச் சேற்றால் அடைத்தான். றிஸ்லா செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் ஒரு மண்கட்டியை அதன்மேல் மெல்லத் தள்ளினாள். தண்ணீர் தயங்கி நின்றது, பிறகு பயிருக்குள் திரும்பிப் பரந்தது.