மூன்று தடவையும் அதே எண்

அவள் தன் கணவரின் கட்டில் விரிப்பை உருவி எறிந்துகொண்டிருந்தபோது நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கூடத்தில் அவர் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். ரத்தப் புற்றுக்காக மஜ்ஜை மாற்றி ஏழு மாதம் தாக்குப்பிடித்தவரை, சாதாரணச் சளி ஒன்று நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்."

கணவரின் தங்கையான இவள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவள். கிருமியைப் பிடிக்க வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் எத்தனை விதம் என்று எண்ணுவதுதான் வேலை. "கோடிக்கணக்குல விதம் இருக்கணும் அண்ணி. எந்தக் கிருமி வந்தாலும் ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கும்" என்று சொல்லி, மாதாமாதம் அண்ணனிடம் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் போவாள்.

"அண்ணனுக்கு அந்த விதமெல்லாம் அதிகமாகவே இல்ல அண்ணி. போன மாசம் இருந்ததும் பாதியா குறைஞ்சிருந்தது."

"போன மாசமா?"

"மெஷின்தான் தப்புன்னு நெனச்சேன். மூணு தடவை ஓட்டினேன்."

"மூணு தடவையும்?"

"அதேதான் வந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன். ஜாக்கிரதையா பாத்துக்கங்க, வேற வழியில்லன்னார். உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ் ஓட்டின மனுஷனுக்குப் பத்தடி நடக்க முடியலையான்னு தினம் விரட்டினேனே! வர மாட்டேன்னவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துட்டுப் போனேனே, அந்தக் கூட்டத்துல! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசல் தாண்ட விட்டிருப்பேனா?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு…"

"படிச்சவ பேசற பேச்சா இது? போ வெளிய!"

கதவைத் தட்டி அவளுடைய தம்பி குரல் கொடுத்தான். "அக்கா, வண்டி வந்துடுச்சு. மாமாவுக்குச் சட்டை மாத்தணும்."

"யாரும் தொட வேணாம். நான் மாத்தறேன்."

கூடத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். வலது கை நுழைந்துவிட்டது. இடது கை விறைத்து, மடங்க மறுத்தது. இரண்டு தடவை முயன்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும். பிறகு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பிடி."

நாத்தனார் மண்டியிட்டு அண்ணனின் கையைத் தூக்கிப் பிடித்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடங்கள் நீலமாகக் கன்றிப்போயிருந்தன. அண்ணி, சட்டைக் கையை இரண்டு விரலால் அகட்டி, அந்த இடத்தில் துணி உரசாமல் மெதுவாக மேலே ஏற்றினாள்.