நண்பருக்கு இடது கை வலி

காலை ஆறரை மணிக்கு எங்கள் கடலில் பத்துப் பன்னிரண்டு தலைகள் மிதந்துகொண்டிருக்கும். யாரும் நீந்தமாட்டோம். நீச்சலெல்லாம் ஒரு வாரத்துக்கு வந்து போகிறவர்களுக்கு. நாங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசுவோம். எங்கள் தீவில் ஓயிஸ்டின்ஸ் என்ற இந்த ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் அந்தத் தண்ணீரில்தான் அலசிப் பிழிவோம்.

மஞ்சள் ரப்பர் தொப்பி போட்ட தலை டாக்டர் ஹிங்க்ஸனுடையது. எட்டு மணிக்குக் கிளினிக்கைத் திறக்கும்வரை அந்த அம்மாள் டாக்டர் இல்லை. இது கடலில் எல்லோரும் அறிந்த சட்டம். பக்கத்தில் வழுக்கையும் அதில் வெயிலுக்காக அப்பிய வெள்ளைக் களிம்புமாக நிற்பவர் நார்பர்ட் பென்னர். கனடாவில் வின்னிபெக் நகரத்துக்காரர். வயது எழுபத்தொன்று. மனைவி இறந்தபிறகு ஐந்து வருடமாக நவம்பரில் வந்து என் மாடி வீட்டில் தங்கி, அவர் ஊரில் பனி உருகியதும் திரும்பிப் போவார்.

கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் அரசாங்க வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர் பென்னர். பொய் சொல்ல வராது. "மீன் வடை எப்படி?" என்று கேட்டால், "நேத்து நல்லா இருந்துது, மிஸ் வெல்டா" என்பார்.

அப்படிப்பட்டவர் ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு காலையில் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், எனக்கு ஒரு நண்பர். அவருக்கு இடது கையில வலி."

கடல் அமைதியாகிவிட்டது. அலைகூடக் காது கொடுத்ததுபோல் இருந்தது.

"நண்பருக்கு என்ன வயசு?" என்றார் டாக்டர்.

"கிட்டத்தட்ட என் வயசு."

"எவ்வளவு நாளா?"

"புது வருஷத்துலேர்ந்து."

"மூச்சு வாங்குதா? வேர்க்குதா? நெஞ்சு அழுத்துதா?"

பென்னர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போது தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இல்லைங்கறார்."

"அவரை எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க."

"அவருக்கு அது வசதிப்படாது."

வசதிப்படாததற்குக் காரணம் எனக்குக் காலைச் சாப்பாட்டின்போது தெரிந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் ஊர் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு படிவம் அனுப்புவார்களாம். அதில் பதினோராவது கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதத்தில் நெஞ்சு, கை, மூச்சு சம்பந்தமாக டாக்டரைப் பார்த்ததுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"'ஆம்'னு போட்டா இன்ஷூரன்ஸ் கிடைக்காது மிஸ் வெல்டா. அது இல்லாம என் பொண்ணு கார்லா என்னை விமானம் ஏற விடமாட்டா. அவ வீட்டுக்குக் கீழ நிலவறையில எனக்கு ஒரு ரூம் கட்டி வச்சிருக்கா. பெயின்ட்கூட அடிச்சாச்சு. ஜன்னலத் திறந்தா பனிதான் தெரியும். அதையும் திறக்க முடியாது."

"அப்ப 'இல்லை'னு போடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் சமையலறைத் தராசே கூசியிருக்கும். "அது பொய்யில்லையா?"

"நண்பருக்குன்னு சொன்னது?"

"எனக்கும் எனக்கும் இதுவரைக்கும் சண்டை வந்ததில்லை. நண்பர்னு சொன்னா தப்பில்லை. கடல்ல பேசினது, டாக்டரைப் பார்த்ததிலும் சேராது. எட்டு மணி ஆகலையே."

இதற்கு மேல் வாதாட நான் வக்கீல் இல்லை.

அடுத்த பத்து நாளில் அந்த நண்பர் எங்கள் ஊரில் பெரிய மனிதராகிவிட்டார். தபால்காரி முதல் மீன்காரி வரை விசாரிப்பு. புள்ளி போட்ட கட்டைகளை வைத்து ஆடும் டாமினோவில் பென்னரின் கூட்டாளி கிளியோஃபஸ், முன்னாள் பஸ் டிரைவர், எவரையும் விட்டுவைக்காத வாய். தண்ணீரில் தொப்பை மிதக்க மல்லாந்தபடி தினமும் ஆரம்பிப்பான்.

"யோவ் பென்னர், உன் சிநேகிதன் ராத்திரி தூங்கினானா?"

"சுமாரா."

"கல்யாணம் ஆனவனா? மிஸ் வெல்டாவோட தங்கச்சி ஒருத்தி சும்மாதான் இருக்கா."

"அவருக்கு இப்ப அந்த எண்ணம் இல்லை."

"கை வலிக்கிறவனுக்குக் கையப் பிடிக்க ஆள் வேணாமா?"

எல்லோரும் சிரித்தோம். பென்னரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மஞ்சள் தொப்பியும் பார்த்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் முகம் களிம்பில்லாமலே வெள்ளையாக இருந்தது. "டாக்டர், நண்பருக்கு வலி தோள்வரைக்கும் ஏறிடுச்சு. விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்."

டாக்டர் ஹிங்க்ஸன் தொப்பியைக் கழற்றினார். கடலில் அவர் தலைமுடியை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்பவே கரையேறணும். எட்டு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நான் போய் இப்பவே கதவைத் திறக்கறேன். அரை மணியில அவர் வரலைன்னா நானே உங்க வீட்டுக்கு வருவேன். ஆம்புலன்ஸோட."

"வந்தா எழுதிடுவீங்களா?"

"எழுதத்தான் செய்வேன். தண்ணி மேல எழுத எனக்குத் தெரியாது."

பென்னர் நகரவில்லை. கழுத்தளவு நீரில் நின்று எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு கரையில் தொங்கிய தன் துண்டையும் சவுக்கு மரங்களையும் பார்த்தார். அவருக்கு அந்த நிலவறை ஜன்னல் தெரிந்திருக்கும்.

"பென்னர்," என்றேன். "உங்க சிநேகிதருக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, அந்தப் படிவத்தை யார் நிரப்புவாங்க?"

அவர் கரையேறினார். துண்டை எடுத்துக்கொண்டு என் காரில் ஏறினார், வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம்.

எங்கள் ஊரில் கிளினிக் கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் காலை வணக்கம் சொல்லவேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தவனை நர்ஸ்கூடக் கூப்பிடமாட்டாள். முதல் வருடம் இது தெரியாமல் பென்னர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இப்போது நன்றாகத் தெரியும். அன்றைக்கோ யார் கண்ணிலும் படாமல் நுழைந்துவிடலாம் என்று நினைத்து, சொன்னாரா இல்லையா என்று தெரியாத குரலில், "காலை வணக்கம்" என்றார்.

"காலை வணக்கம்" என்று கூடமே எழுந்து முழங்கியது. கடலில் இருந்த தலைகள் அத்தனையும் உடம்போடு உட்கார்ந்திருந்தன. சிலருக்கு இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளியோஃபஸ் பிரஷர் பார்க்க வந்ததாகச் சொன்னான். அவன் பிரஷரை முந்தாநாள்தான் பார்த்திருந்தார்கள்.

"சிநேகிதன் எங்க?"

"வந்துட்டிருக்கார்" என்றார் பென்னர்.

நர்ஸ் கிரீனிட்ஜ் கதவைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. "மிஸ்டர் நண்பர் உள்ள வரலாம்."

பென்னர் என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அவர் கை சில்லென்றிருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படுக்கவைத்து மறுபடியும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்த நேரம் மிக நீளமாக இருந்தது. பென்னர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதயம் நல்லா இருக்கு. ரத்தப் பரிசோதனையும் வந்துடட்டும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பென்னர் பேனாவை வாங்கினார். எழுத ஆரம்பித்ததும், "ஸ்" என்று முனகினார்.

"நீங்க இடது கைக்காரரா?" டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடல்ல இது தெரியவே இல்லையே. இந்தக் கையால அப்படி என்ன வேலை செய்யறீங்க?"

"வேலையா? நான் ஓய்வு பெற்றவன். சாயந்திரம் ரம் கடையில டாமினோ. அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். சனிக்கிழமை ஆறு."

"எப்படி ஆடுவீங்க? காட்டுங்க."

பென்னருக்கு முகத்தில் முதல்முறையாகக் களை வந்தது. மேசையிலிருந்த மருந்து டப்பா ஒன்றை டாமினோக் கட்டையாக நினைத்து எடுத்தார். எழுந்து நின்றார். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், தோளிலிருந்து சுழற்றி, மேசையில் ஓங்கி ஒரு அறை. ஸ்டெதாஸ்கோப் துள்ளிக் கீழே விழுந்தது. பென்னர் "ஐயோ" என்று தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே கூடத்திலிருந்து கிளியோஃபஸின் குரல் கேட்டது. "அது பென்னரோட அடி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம்வரைக்கும் பூனை மாதிரி வச்சிட்டிருந்தார்."

டாக்டர் கையால் வாயை மூடிக்கொண்டு சிறிது நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு தோள் தசைநார் வீங்கியிருக்கிறது என்று எழுதினார். மாலையில் ரத்தப் பரிசோதனையும் நல்ல செய்தியே சொன்னது. ஆறு வாரத்துக்குக் கட்டையை அடிக்கக்கூடாது என்பதுதான் மருந்து.

"அடிக்காம எப்படி?" என்றார் பென்னர். மாரடைப்பு என்று சொல்லியிருந்தால்கூட அப்படி இடிந்திருக்கமாட்டார். "சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கடையோட ஆட்டம் இருக்கு."

"மெதுவா வைங்க."

சனிக்கிழமை அவர் மெதுவாகத்தான் வைத்தார். அதனால் நடந்ததை இன்னும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கையிலிருந்த கடைசிக் கட்டையைப் பென்னர் கோப்பையை வைப்பதுபோல வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எதிராளிகள் அடுத்து என்ன போடலாம் என்று ஒரு நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சத்தமே இல்லாததால் ஆட்டம் முடிந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

"இவர் எப்ப ஜெயிச்சார்?" என்று ஒருவன் கோபமாகக் கேட்டான்.

"இவர் எங்க ஜெயிச்சார்?" என்றான் கிளியோஃபஸ். "இவருக்குக் கை சரியில்லை. ஆடினது இவர் சிநேகிதன்."

ஞாயிற்றுக்கிழமை கார்லாவின் போன் வந்தது. பென்னர் ஒன்றுவிடாமல் சொன்னார். கடல், நண்பர், ஈ.சி.ஜி., பதினோராவது கேள்வி. பிறகு ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அப்பா, மேசைய ஓங்கி அடிச்சா கை வீங்கிச்சு?"

"ஆமாம்மா."

"நீங்களா? சர்ச்சுல இருமுறதுக்கே வெளிய போவீங்களே." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "அக்டோபர்ல 'ஆம்'னே போடுங்க. டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. நானே இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட பேசறேன்."

அக்டோபரில் பென்னர் 'ஆம்' என்றே போட்டு, கடிதத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். இன்ஷூரன்ஸ்காரர்கள் கார்லாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்களாம்: டாமினோ என்பது எந்த வகை மோட்டார் சைக்கிள்?

நவம்பர் எட்டாம் தேதி காலை ஆறரைக்கு வெள்ளைக் களிம்பு தடவிய வழுக்கை தண்ணீரில் இறங்கியது.

"யோவ் பென்னர்," என்றான் கிளியோஃபஸ். "சிநேகிதன் வந்திருக்கானா?"

"அவர் வரலை. நான்தான் வந்திருக்கேன்." பென்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு மஞ்சள் தொப்பியின் பக்கம் திரும்பினார். "டாக்டர், எனக்கு முட்டியில வலி."

"எட்டு மணிக்கு" என்றார் டாக்டர் ஹிங்க்ஸன்.

கிளியோஃபஸின் முகம் தொங்கிப்போனது. "பாவம், நல்ல மனுஷன் அவன்" என்று சொல்லிக்கொண்டே மல்லாந்தான்.