இருபத்திரண்டு வெற்றுப் படங்கள்

வெட்டினது என்னவோ நேராகத்தான் வெட்டினாள் பாலாம்பிகை. அந்த விஷயத்தில் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருஷம் அச்சகத்தில் புத்தகம் கட்டிய கை அது. அங்கே மடித்துத் தைத்த புத்தகங்கள் சில நேரம் ஓரம் வெட்டுப்படாமலே வந்துவிடும். மடிப்புக்குள் அளவெடுக்கிற இரும்பு அடிமட்டத்தை நுழைத்து, சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தால் பக்கம் திறக்கும். ஒட்டின பக்கத்தோடு ஒரு புத்தகம் கடைக்குப் போய்விட்டால் முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொல்லுவார். அந்தப் பழக்கம்தான் லண்டன் வரைக்கும் கூடவே வந்தது. மத்திய லண்டனில் ஒரு பழைய சங்கத்தின் நூலகம், அதன் நிலக்கீழ் அறை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஜப்பானியப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. தாள்களெல்லாம் வெளியோரத்தில் மடிந்தபடியே இருக்கக் கண்டு, 'அட, இத்தனை காலமாய் ஒரு மனிசர் இதை வெட்டவில்லையே' என்று பரிதாபப்பட்டு, பதினொரு தாளை வெட்டினாள்.

வெட்டினதோடு விட்டாளா? கமெரா அறைக்குப் பொறுப்பான கல்யாணசுந்தரம், மாயவரத்துக்காரர், முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: "ஒரு பக்கம்கூட விடக்கூடாதும்மா. ஜப்பான்காரங்க பணம் குடுக்குறாங்க, எல்லாப் பக்கமும் கேப்பாங்க." வெட்டித் திறந்த தாள்களின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை, வெறும் வெள்ளை. ஆனாலும் சொன்னால் சொன்னதுதானே! இருபத்திரண்டு வெற்றுப் பக்கங்களையும் விளக்கைச் சரிபார்த்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, கணினியில் ஏற்றி, மாதிரி சிடியில் சேர்த்தாள். சிடி தபாலில் ஜப்பானுக்குப் போய்விட்டது. இது 1997, கார்த்திகை மாதம். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மேல்மாடியில் கிழிந்த புத்தகங்களைத் திருத்துகிற பெர்னடெற் கீழே வந்தாள். மன்னார்க்காரி. பாலாம்பிகைக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எடி பிள்ளை, இதை ஆர் வெட்டினது?"

"நான்தானக்கா. எல்லாம் ஒட்டிப்போய்க் கிடந்தது." மெச்சப்போகிறாள் என்று நினைத்துச் சிரிக்கவும் சிரித்தாள், பாவி.

பெர்னடெற் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டாள். "ஒட்டிக் கிடக்கேல்லையடி. இந்தப் புத்தகம் இப்பிடித்தான். தாளின்ர ஒரு பக்கத்தில மட்டும் அச்சடிச்சு, மடிச்சு, மடிப்பு வெளியில நிக்கிற மாதிரித் தைக்கிறது. மடிப்புத்தான் இதுக்கு ஓரம். ஐயோ மாதாவே, உலகத்தில மூண்டே மூண்டுதான் கிடக்கெண்டு சொன்னவையடி!"

ஒப்பந்தத்தைப் பாலாம்பிகையும் வாசித்திருந்தாள். நாற்பது புத்தகங்களைப் படம் பிடிக்க ஜப்பானிய அறக்கட்டளை ஒன்று பணம் தருகிறது. புத்தகம் எதற்காவது சேதம் வந்தால் அன்றோடு பணம் நிற்கும். பணம் நின்றால் கமெரா அறை இல்லை. கமெரா அறை இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பத்மநாதன் வரமாட்டார்.

எல்லாம் அந்தப் பெயரில்தான் வந்து முடிந்தது. அவள் புருஷன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பதினாலு மாதமாய் இருக்கிறார். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு தெருவில் இறங்கவே பயம். இரண்டு தரம் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டது. இரண்டாம் தரம் விட்ட பிறகு டெலிபோனில் அவர் குரல் மாறிப்போயிருந்தது. என்ன நடந்தது என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. விசாவுக்கு இன்டர்வியூ வருகிற வியாழக்கிழமை. மனைவிக்கு லண்டனில் நிரந்தர வேலை இருக்கிறதென்ற கடிதம் அவர் கையில் இருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் இந்த அறையின் டெலிபோன் இலக்கம்; சரிபார்க்க அங்கேயிருந்து எடுத்துப் பேசுவார்களாம்.

கல்யாணசுந்தரத்திடம் போய்ச் சொன்னாள். திட்டுவார் என்று பார்த்தால், மனிதர் அவளைவிட மோசமாக வெளிறிப்போனார்.

"நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. புரியுதா?"

"ஓம் சேர். ஆனா சிடியில..."

"சிடியில வெத்துத்தாள்தானே இருக்கு? யார் வெட்டுனாங்கன்னு வெத்துத்தாள் வந்து சொல்லுமா?"

அடுத்த நாளே ஜப்பானிலிருந்து ஃபாக்ஸ் செய்தி வந்தது. அறக்கட்டளையின் திருமதி ஹயாஷிதா புதன்கிழமை நேரில் வருகிறார். நாற்பது புத்தகத்தில் எதையெல்லாமோ பார்க்கலாம், அம்மணி பார்க்க விரும்புவது அந்த மீன் புத்தகத்தைத்தான்!

மீன் புத்தகம் என்றால், பக்கத்துக்குப் பக்கம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த கடல்மீன்கள். மற்ற ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அவள் வெட்டின ஓரங்கள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாய்த் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை கல்யாணசுந்தரம் பால் விடாத தேநீரும் பஞ்சும் கொண்டுவந்தார். ஓரத்தில் லேசாகத் தடவினால் பழசு மாதிரி ஆகிவிடுமாம். பெர்னடெற் கோப்பையை அவர் கையிலிருந்து பறித்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெறும் கோப்பையை அவரிடமே நீட்டினாள்.

"இன்னும் பாழாக்கிறதெண்டால் என்ர பிணத்தைத் தாண்டிப் போங்கோ சேர்."

பாலாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை. கிங்ஸ்பரி வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். யாராவது தன்னைப் பார்த்தால், தெரிந்துதான் பார்க்கிறார்கள் என்று பட்டது. சோறு இறங்கவில்லை. ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைக்கலாமென்றால், 'அகப்படாமல் காப்பாற்று' என்று எந்த முகத்தோடு கேட்பது?

புதன்கிழமை வந்த திருமதி ஹயாஷிதா குள்ளமான, நரைத்த பெண். குரல் உயரவேயில்லை. அதுதான் பாலாம்பிகையை இன்னும் பயப்படுத்தியது. கத்துகிற மனிதரென்றால் எப்போது கத்துவார் என்றாவது தெரியும். அம்மணி கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மீன் புத்தகத்தைத் திறந்து, வெட்டிய ஓரத்தை விரல் நுனியால் தடவினார்.

"இதை எப்போது வெட்டினார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கல்யாணசுந்தரம் முந்திக்கொண்டார். "பழைய சொந்தக்காரர் யாரோ, மேடம். எங்களிடம் வரும்போதே இப்படித்தான்."

"அப்படியா? என் பேராசிரியர் 1968இல் இதே கட்டடத்தில் இந்தப் புத்தகத்தைப் பார்த்தார். தாள் தாளாகக் குறிப்பு எழுதினார். மடிப்புகளெல்லாம் முழுசாக இருந்தன."

கல்யாணசுந்தரத்தின் கண் அங்குமிங்கும் ஓடி, கடைசியில் பெர்னடெற்றின் மேல் போய் நின்றது.

"போன வருஷம் இதன் முதுகைத் தைத்தார்கள். இவர்தான் தைத்தார். ஒருவேளை அப்போது..."

நாசமாய்ப் போனவன்! பதினேழு வருஷம் வேலை செய்த பெர்னடெற், கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி நின்றாள். பிறகு மெல்லத் திரும்பிப் பாலாம்பிகையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பாலாம்பிகைக்கு வியாழக்கிழமை நினைவு வந்தது. ஒரு நாள். ஒரேயொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அதைப் பிடுங்கி எடுத்தது தைரியமில்லை, சத்தியமாய்ச் சொல்கிறேன், அதுவும் பயம்தான். பெர்னடெற்றின் இந்த முகத்தை இனித் தினமும் பார்க்கவேண்டுமே என்ற பயம்.

"நான்," என்றாள். "நான்தான் வெட்டினேன். ஒட்டியிருக்கிறதென்று நினைத்தேன்."

திருமதி ஹயாஷிதா புத்தகத்தை மூடினார். "வெற்றுப் பக்கங்களை ஏன் எடுத்தீர்கள்?"

"ஒன்றையும் விடக்கூடாது என்று சொன்னார்கள்."

"இருபத்திரண்டு படத்திலும் விளக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை. சிடியைப் பார்த்த அன்றே வெட்டியவர் யாரென்று ஊகித்தேன். திருடன் இப்படிப் படம் எடுத்து அனுப்பமாட்டான். நீங்கள் சொல்வீர்களா என்று பார்க்கத்தான் வந்தேன்." ஆனால் சிரிக்கவில்லை. "பணம் நிற்காது. மடிப்புகளை மெல்லிய தாள் வைத்து, திருத்தத் தெரிந்த இவர் ஒட்டட்டும். ஆனால் நாளையிலிருந்து நீங்கள் எங்கள் புத்தகங்களைத் தொடக்கூடாது. இதை அறிக்கையில் எழுதியாகவேண்டும்." பேனாவைத் திறந்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். பாலாம்பிகை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சொல்லி முடிக்கையில் அழுதுகொண்டிருந்தாள்.

அவர்கள் புத்தகத்தைத் தொடாமல் கமெரா அறையில் வேலை ஏது? வியாழக்கிழமை காலை வாசல் பாஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கல்யாணசுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். பெர்னடெற்றும் கீழே வந்து நின்றாள். கொழும்பில் அப்போது பின்னேரம் மூன்றரை. டெலிபோன் அடித்தது.

மூவருக்கும் அது யாரென்று தெரிந்தது. மூன்று தரம் அடித்தும் ஒருவரும் அசையவில்லை.

"எடுங்கோ சேர்," என்றாள் பெர்னடெற். "நேற்று வாய் நல்லாய்த்தானே ஓடினது?"

எடுத்தார். "ஆமாம். ஆமாம், இங்கேதான் வேலை செய்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நிரந்தரம்தான்." கேட்டுக்கொண்டே இருந்தவர், ரிசீவரைப் பாம்பைப் பிடித்தது போல் தள்ளிப் பிடித்தார். "உங்ககிட்டயே பேசணுமாம்மா."

விசா அதிகாரியின் குரல் தூரத்திலிருந்து வந்தது. வயசு குறைந்தவன், மரியாதையாகத்தான் பேசினான். என்ன வேலை என்று கேட்டான். பழைய ஜப்பானியப் புத்தகங்களைப் படம் பிடிக்கிறேன் என்றாள். அப்படியா, சுவாரசியமாய் இருக்கிறதே, இன்றைக்கு என்ன புத்தகம் என்றான்.

நேற்று உண்மையைச் சொல்லப் பட்ட பாட்டில் பாதிகூட இன்று பொய்க்குப் படவில்லை. "மீன் புத்தகம்," என்றாள். "இப்போதும் கமெராவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்." அவன் நன்றி சொல்லி வைத்த பிறகும் ரிசீவரை விட முடியவில்லை, பெர்னடெற் வந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாள்.

பத்மநாதன் மார்கழிக் கடைசியில் ஹீத்ரோவில் வந்து இறங்கினார். பாதியாய் மெலிந்திருந்தார். வேலை போனதை அவள் அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்து, தள்ளுவண்டியை நிறுத்தி, பொலிஸ்காரர் ஒருவர் கைகட்டி நிற்கிற இடமாகப் பார்த்து, சத்தமாக முதல் கேள்வி கேட்டார்.

"வேலைக்கு லீவு போட்டிட்டோ வந்தனீர்?"

பாலாம்பிகை பொலிஸ்காரரைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் தள்ளுவண்டியின் பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஓம்," என்றாள். "லீவுதான். வாங்கோ, கெதியாய்ப் போவம்."