டி டிரைவில் இடமில்லை

ஜொகூரில் தெப்ராவ் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது டொரத்தியின் வேலை. பீடத்துக்கு இடப்பக்கம் வெள்ளைத் திரை, தூணுக்குப் பின்னால் ஒரு மேசை, மேசைமேல் மடிக்கணினி, அதன் பின்னால் டொரத்தி. இத்தனை வருடங்களில் மூன்று பாதிரியார்கள் மாறிவிட்டார்கள். பாடகர் குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், குரலையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தூணும் டொரத்தியும் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வருகைப் பாடலின் இரண்டாம் சரணத்தில், திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி எழும்பி வந்தது. ‘லோ டிஸ்க் ஸ்பேஸ்’ என்றது. ரிக்கவரி டி டிரைவில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறதாம்.

வந்த பெட்டி சும்மா நின்றுவிட்டுப் போயிருக்கும். ஆனால் முதல் பெஞ்சில் சூசைநாதன் இருந்தார். திரையில் எது வந்தாலும் பாடிவிடுவது அவருடைய விசுவாசம். பாட்டின் ராகத்தைக் கொஞ்சமும் கெடுக்காமல், “லோ டிஸ்க் ஸ்பேஏஏஸ்” என்று உச்சத்தில் பிடித்தார். சூசைநாதனை நம்பிப் பாடியே பழகிய பின் பெஞ்சுக்காரர்கள் நான்கு பேர் கூடவே சேர்ந்துகொண்டார்கள். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். அது ஜெபமா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

பூசை முடிந்து, முன் வாசலில் தேத்தண்ணியும் கறிபாப்பும் ஓடிக்கொண்டிருந்தபோது அமலநாதன் வந்தார். தமிழ்ப் பூசைக் குழுவின் தலைவர். மனைவியை இழந்தவர். கோவிலில் எந்த சுவிட்ச் போட்டிருந்தாலும் போய் அணைத்துவிட்டு வருவது அவருடைய தலைவர் பணிகளில் முதன்மையானது.

“டொரத்தி, அது என்னா பெட்டி?”

“பாத்துக்கிறேன் அண்ணே.”

“சனிக்கிழம என் மக ஷர்மைன் கல்யாணம். மாப்ள வீட்டுக்காரவங்க பொந்தியான்லேருந்து ரெண்டு பஸ் நிறைய வர்றாங்க. பொண்ணு உள்ள நடந்து வர்ற நேரத்துல சூசைநாதன் அண்ணன் இடம் இல்ல, இடம் இல்லனு பாடுனா, ஒக்கார எடம் இல்லனு நெனச்சு அவங்க திரும்பிப் போயிடுவாங்க.”

“வராதுண்ணே.”

“வெள்ளிக்கிழம சாயங்காலம் நானே வந்து பாப்பேன். பெட்டி இருந்துச்சுனா, பாட்டுப் புத்தகம் அடிச்சுக் குடுத்துடுவேன். லேப்டாப்ப இங்கிலீஷ் பூசைப் பசங்ககிட்ட குடுத்துருவோம். அதுங்க எல்லாத்தையும் போன்லயே பண்ணிடுதுங்க.”

சொல்லிவிட்டு, வாசல் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார். அதன் கீழே பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

இங்கிலீஷ் பூசைப் பசங்களா? அல்லேலூயாவுக்கு எத்தனை லகரம் என்று கேட்டால் விழிக்கும் பசங்கள். டொரத்தி கறிபாப்பின் கடைசித் துண்டை வாயில் போட்டு, அதை மெல்லும்போதே முடிவு செய்துவிட்டார். பெட்டி வராது. பெட்டி என்றால் என்ன, அது ஏன் வருகிறது என்று தெரியாது என்பது தனி விஷயம். அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை வீட்டில் மடிக்கணினியைத் திறந்தார். முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்தார். பெட்டி வந்தது. அணைத்துப் போட்டார். வந்தது. திரையையும் விசைகளையும் ஈரத் துணியால் துடைத்தார். அதனால் பயன் இராது என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் செய்தார். சுத்தமாகி வந்தது. பிறகு பெட்டியில் எழுதியிருந்ததை, கடன் பத்திரத்தைப் படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் படித்து, டிரைவ்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனார். அங்கே இரண்டு பட்டைகள். சி டிரைவ், பெரியது, நீலம், முக்கால்வாசி காலி. டி டிரைவ், சின்னது, மேலே ‘ரிக்கவரி’ என்று பெயர், விளிம்புவரை சிவப்பு.

டி டிரைவில் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் இருப்பவர்களை அங்கே குடிவைத்ததே அவர்தான்.

அது இப்படி நடந்தது. கோவிலில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கப் பூசை எது நடந்தாலும் டொரத்தி ஒரு தொகுப்பு செய்வார். குடும்பத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். உள்ளே வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடல் என்று வரிசை எண் போட்ட கோப்புகள். எல்லா வீட்டுக்கும் ஒரே வரிசை, ஒரே பெயர். மடிக்கணினி கைக்கு வந்த புதிதில் உள்ளே பார்த்தார். இரண்டு அலமாரி இருந்தது. கல்யாண வீட்டுச் சாமானையும் சாவு வீட்டுச் சாமானையும் ஒரே அலமாரியில் எந்தத் தமிழ்ப் பொம்பளையாவது வைப்பாளா? ஞானஸ்நானம் வாங்கினால் மட்டும் அந்தப் பழக்கம் போய்விடுமா? சந்தோஷமெல்லாம் சி, துக்கமெல்லாம் டி. இரண்டிலும் ஃபோல்டருக்கு ‘குடும்பங்கள்’ என்றே பெயர் வைத்தார். ‘மரித்தோர்’ என்று எழுத மனம் வரவில்லை. முதலில் அங்கே போனவர் டாரிலின் அப்பா, அதாவது டொரத்தியின் கணவர்.

மகன் டாரிலை அழைத்தார். அவன் சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூருக்குத் திரும்பும் எல்லைப் பாலத்தில், நெரிசலில் நகராத பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தான். ஜொகூர்க்காரப் பிள்ளைகளிடம் பெற்றோர் நிதானமாகப் பேசக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான், ஓட முடியாது.

“மா, ரிக்கவரி டிரைவ்ல போய் யாராச்சும் ஃபைல் வைப்பாங்களா? அது கம்ப்யூட்டர் தனக்குனு வச்சிருக்கிற எடம் மா. விண்டோஸ் படுத்துக்கிச்சுனா அதுலேருந்துதான் எழுப்பணும்.”

“அது எனக்கு யாரு சொன்னா? அலமாரி காலியா இருந்துச்சு, வச்சேன்.”

“எல்லாத்தையும் டெலிட் பண்ணு, முடிஞ்சுது.”

“ஒங்கப்பாவையா?”

“சரி லா, பென்டிரைவ்ல போடு.”

“போன வருஷம் நீ தொலைச்ச பென்டிரைவ் எத்தன? ஒங்கப்பாவ சாவிக் கொத்துல மாட்டிக்கிட்டு செக்பாயிண்டுல லைன் நிப்பியா?”

“அப்ப நான் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வர்றேன், ஞாயித்துக்கிழம.”

“கல்யாணம் சனிக்கிழம.”

“அலமாக்” என்றான் டாரில். அவன் தரப்பு வாதம் அத்துடன் நிறைவுற்றது.

செவ்வாய்க்கிழமை டொரத்தி கணினியைக் கைப்பையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, கடைத்தொகுதியில் காளியப்பனின் கணினிக் கடைக்குப் போனார். காளியப்பனுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து.

“ஃபார்மெட் பண்ணிடலாம் ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம். டி காலி.”

“கம்ப்யூட்டரோட சாமானும் அதுல இருக்காமே. அதுவும் போயிடுமா?”

“போகும். ஆனா அது எதுக்கு ஆன்ட்டி? விண்டோஸ் கெட்டுச்சுனா எங்கிட்ட கொண்டு வாங்க.”

“கெட்டாத்தானே கொண்டு வரணும்? வேற வழி சொல்லு.”

“அப்ப அந்த வார்னிங்க ஆஃப் பண்ணிடலாம். பெட்டியே வராது. யாருக்குத் தெரியும்?”

டொரத்திக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அமலநாதன் பார்க்கப் போவது பெட்டியைத்தான், டிரைவை அல்ல. ஆனால் ஏமாற்றி ஜெயித்தால் இங்கிலீஷ் பூசைப் பசங்களைவிடத் தான் எப்படி ஒசத்தி?

“வீட்டுல புகை மணி அடிச்சா, நீ அடுப்பப் பாப்பியா, மணியக் கழட்டுவியா?”

“கடையிலதான் ஆன்ட்டி இருக்கேன். வீட்டுல எங்க இருக்கேன்?” என்றான் காளியப்பன்.

வீட்டுக்கு வந்து, டி டிரைவில் இருந்தவர்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். பாவம், யாரும் அதிக இடம் கேட்கவில்லை. ஒரு புகைப்படம், ஐந்து பாட்டு, அவ்வளவுதான் ஒரு மனுஷன். தன் கணவருடைய ஃபோல்டர் அடியிலிருந்து இரண்டாவது. இருந்த காலத்திலும் வீட்டில் மூலை நாற்காலியோடு திருப்திப்பட்டவர். ஆனால் உச்சியில் ஒரு கோப்பு மற்ற அத்தனை பேரையும் சேர்த்தாலும் மிஞ்சி உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தார்.

வானத்திலிருந்து எடுத்த படம். கோவில் கூரை, வெள்ளைச் சவ வண்டி, எறும்பு வரிசையாகக் குடைகள், கல்லறைத் தோட்டம், மறுபடி கூரை. அமலநாதன் தன் மனைவியின் அடக்கத்துக்கு டிரோன் வைத்து எடுத்த படம். முப்பதாம் நாள் பூசையில் முழுசாகப் போட்டுக்காட்டச் சொன்னார்; பாதிரியார் கெஞ்சியதால் பாதியில் நிறுத்தப்பட்டது.

ஆக, தலைவர் அணைக்கச் சொன்ன பெட்டியை ஏற்றிவைத்தவரே தலைவர்தான்.

டொரத்தி சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தார். பிறகு ‘அழி’ என்ற பொத்தானைப் பார்த்தார். ஒரு அழுத்து; பட்டை நீலமாகிவிடும். அழுத்தவில்லை. அந்த எறும்பு வரிசையில் ஒரு குடைக்குக் கீழே அவரும் நடந்திருக்கிறார்.

சி டிரைவில் இடம் கொட்டிக் கிடந்தது. ஆனால் அது கல்யாண அலமாரி. அதுவும் கல்யாண வாரம். சனிக்கிழமைத் தொகுப்பைச் சரிபார்ப்போம் என்று சி-யில் ‘அமலநாதன் குடும்பம்’ என்பதைத் திறந்தார். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல். கடைசியில் நன்றிப் பாடல். அதன் பின்னணியில் ஷர்மைன் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் போடச் சொன்ன படம்: பச்சைப் புடவையில், யாரையோ திட்டிவிட்டுக் கேமராவுக்காக மட்டும் சிரிக்கும் அவளுடைய அம்மா.

இரண்டு வாரம் முன்னால் டொரத்தியே தன் கையால் அங்கே வைத்த படம். அப்போது ஒன்றும் இடிந்து விழவில்லை.

உடனே அமலநாதனை அழைத்தார்.

“அண்ணே, உங்க வீட்டம்மாவ எங்க வைக்கட்டும்?”

“என்னாது?”

விளக்கினார். டிரோன் படம்தான் டி டிரைவை அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற இடம் வந்ததும் அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

“அந்தப் படம் உங்ககிட்ட வேற எங்கயாச்சும் இருக்கா?”

“இல்லியே. அந்தப் பையன் டிரோன வித்துட்டு ஆஸ்திரேலியா போயிட்டான். அழிச்சிடாத டொரத்தி!”

“அழிக்கல. கல்யாண ஃபைல் இருக்கிற எடத்துக்கு மாத்தப் போறேன்.”

“அது... கல்யாண வாரம். சாவு வீட்டுப் படத்தக் கொண்டுபோய்... வேற எடம் இல்லியா?”

“இருக்கு, என் தலமேல. வச்சுக்கிட்டு நிக்கட்டா? அண்ணே, ஷர்மைன் அவங்கம்மா படத்த அனுப்பி நன்றிப் பாட்டுல போடச் சொல்லியிருக்கு. மக கூப்ட்டாச்சு. அம்மா வந்து ஒக்காந்தாச்சு. நீங்களும் நானும்தான் வாசல்ல நின்னுக்கிட்டு வழி விடமாட்டேங்கிறோம்.”

அவர் வீட்டில் யாரோ பீங்கான் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“பச்சப் பொடவையா?” என்றார்.

“ஆமா.”

“வரட்டும்” என்றார்.

டி-யில் கணினி தனக்கென்று வைத்திருந்த சாமானை டொரத்தி தொடவில்லை. ‘குடும்பங்கள்’ என்ற ஃபோல்டரை மட்டும் பிடித்து சி-க்கு நகர்த்தினார். சி-யிலும் ‘குடும்பங்கள்’ இருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள், டாரிலின் அப்பா உட்பட. பாதியில் கணினி நின்றது. ‘அமலநாதன் குடும்பம்’ என்பதில் வருகைப் பாடல் என்று ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டது.

கணினி எதைக் கேட்டாலும் முதலில் இருக்கும் பதிலை அழுத்திவிட்டு நகர்வது டொரத்தியின் வழக்கம். விரல் போயும்விட்டது. அழுத்தியிருந்தால் சனிக்கிழமை காலை ஷர்மைன் வெள்ளை கவுனில் வாசலில் நிற்க, சூசைநாதன் தலைமையில் இரண்டு பஸ் பொந்தியான்காரர்களும் மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றிப் பாடியிருப்பார்கள்.

விரலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். மூன்று பதிலையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மூன்றாவது, நானே முடிவு செய்கிறேன் என்றது. அதை அழுத்தினார். இரண்டு பக்கமும் டிக் போட்டால் இரண்டும் இருக்கும் என்றது. இரண்டு பக்கமும் போட்டார். அடக்கப் பூசை வருகைப் பாடல் பின்னால் ஒரு ‘2’ ஒட்டிக்கொண்டு, கல்யாண வருகைப் பாடலுக்குக் கீழே போய் ஒழுங்காக உட்கார்ந்தது.

டி டிரைவ் நீலமாயிற்று.

வியாழக்கிழமை, பாலத்து பஸ்ஸிலிருந்து டாரில் சொல்லச் சொல்ல, கடைசி வேலையையும் முடித்தார்.

“அந்த டி-ங்கிற எழுத்த மட்டும் எடுத்துடு மா. டிரைவ் உள்ளயே இருக்கும், ஆனா கண்ணுல படாது. அழிக்கிற பட்டன் மேல கை வச்சிடாத.”

“வீட்டு நம்பர் பலகைய மட்டும் கழட்டச் சொல்ற. வீட்ட இடிக்க வேணாங்கிற.”

“ம்ம். இனிமே அதுல யாரும் எதையும் கொண்டுபோய் வைக்க முடியாது.”

“யாரும்னா யாரு?”

“பொதுவா சொன்னேன் மா.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலநாதன் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காணிக்கைப் பாடல் முடியும்வரை திரையின் வலது மூலையையே பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நன்றிப் பாடலைப் போடச் சொன்னார். பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு புத்தகத்தைப் பற்றியோ இங்கிலீஷ் பூசைப் பசங்களைப் பற்றியோ பேசாமல், சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. வாசலில் ஷர்மைன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள் அமலநாதன். டொரத்தி சரியான வருகைப் பாடலைத் திறந்தார், எண் இல்லாதது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் சரணத்தைத் தாண்டினார். மூலை சுத்தமாக இருந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு பெட்டி வந்தது.

‘பேட்டரி லோ’ என்றது.

டொரத்தி மேசைக்கு அடியில் பார்த்தார். வயர் சரியாகத்தான் போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் அமலநாதன் அணைத்துவிட்டுப் போன சுவிட்ச், நடைபாதைப் பக்கம், தூணின் மறுபுறத்தில் இருந்தது. முதல் பெஞ்சில் சூசைநாதன் நெஞ்சை நிமிர்த்தி மூச்சு இழுத்தார்.

டொரத்தி மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. மணப்பெண்ணின் அப்பாவை நேராகப் பார்த்து, கண்ணால் தூணைக் காட்டினார்.

அமலநாதன் மகளின் கையை விடவில்லை. நடையை நிறுத்தவுமில்லை. மகளையும் அவளுடைய நீண்ட முக்காட்டையும் சேர்த்து ஒரு பெரிய வளைவாகத் தூண் பக்கம் திருப்பினார். முக்காடு பிடித்து வந்த இரண்டு சிறுமிகளும் கேள்வி கேட்காமல் திரும்பினார்கள். பொந்தியான்காரர்கள் இது தெப்ராவ் வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அமலநாதன் கோவிலில் ஒரு சுவிட்சைப் போட்டார்.

பெட்டி மறைந்தது. இழுத்த மூச்சை சூசைநாதன் மூன்றாம் சரணத்தில் விட்டார்.