இரண்டு விரல்களுக்கு

மாடி அறைக் குப்பைக்கூடையை லொரைன் செய்தித்தாளில் கவிழ்த்தாள். மறுபடியும் அதே கறுப்பு ஒட்டு டேப் சுருள்கள் விழுந்தன. கட்டிலில் அக்கா கிளெனிஸ் போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. நர்ஸ் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. எடுத்துப்போக வண்டி பன்னிரண்டு மணிக்கு.

சுருள்களை ஓர் உறையில் போட்டு ஒட்டினாள். டாக்டரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் போலீஸிடமும்.

இரண்டு வாரமாக காலின் தினமும் பதினோரு மணிக்கு வந்தான். அறுபது வயதிலும் முன்முடியைக் கோபுரமாக நிறுத்தி, கழுத்தில் மண்டையோடு பச்சை குத்தியவன். அக்காவின் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவன். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் போன பிறகு அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். அந்த நிம்மதிதான் லொரைனை உறுத்தியது. வலி மருந்துக் குப்பியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள், தான் கொடுத்ததற்கு மேல் அளவு குறையவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து எதையோ கொண்டுவருகிறான். நேற்று மாலை, அக்காவின் வலக்கை விரல்கள் இரண்டில் சுற்றியிருந்த டேப்பை வெட்டியெடுத்து, அடியில் ஊசித் தடம் தேடினாள். காய்த்துப்போன தோல்தான் இருந்தது.

வாசல் மணி அடித்தது. பதினொன்று.

"என்ன லொரைன், கதவ மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பிரசங்கமா? இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையே."

"பையில என்ன இருக்கு? காட்டுங்க."

புது டேப் ஒன்றும் பிஸ்கட் பொட்டலமும் எடுத்து நீட்டினான். "பிஸ்கட் உங்களுக்கு. 'எங்க வீட்டு பிஷப்புக்கு இஞ்சி பிஸ்கட்னா உசுரு'ன்னு உங்களத்தான் உங்க அக்கா கிண்டலாச் சொல்லுவா."

"அவ போயிட்டா. காலைல அஞ்சரைக்கு."

காலின் படியில் உட்கார்ந்துவிட்டான். கூரைமேல் கடற்காகங்கள் கத்தின. பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"விரல்ல டேப் இருந்துச்சா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ரெண்டு வாரமா அவளுக்கு, இதோ மேடை ஏறப் போறோம்ங்கிற நெனப்பு. அவ வாசிக்கிற மாதிரி ஆளுயர டபுள் பேஸ்ல கம்பிய இழுத்து அறையிறவங்க விரல்ல டேப் சுத்தாம ஏற மாட்டாங்க. ரெண்டாவது பாட்டுலயே தோலு உரிஞ்சிரும். சுத்திவிட்டாத்தான் அடங்குவா. முப்பத்தாறு வருஷமா நான்தான் சுத்திவிடுறது."

"கதவ ஏன் சாத்துனீங்க?"

"அவதான் சாத்தச் சொன்னா. மேடைக்குப் பின்னாடி எங்க அறைக் கதவு சாத்தித்தானே இருக்கும்?" அவன் லேசாகச் சிரித்தான். "மொத தடவ பெர்லின்ல வாசிக்கப் போனப்ப, வாசல் காவக்காரன் அவளக் கேட்டான், 'நீ எந்தப் பையனோட வந்த பொண்ணு?'ன்னு. பேஸத் தூக்கி அவன் கையில குடுத்து, 'பத்திரமா உள்ள கொண்டுவா'ன்னா. அவனும் கொண்டுவந்தான்! ஒரு தடவயாவது நீங்க வந்து பாத்திருக்கணும், லொரைன்."

அக்கா வருடாவருடம் அழைத்திருந்தாள். சுவரொட்டியில் பேய்களும் சவப்பெட்டிகளும் இருந்ததால் லொரைன் ஒருமுறைகூடப் போகவில்லை. நேற்று மாலையிலிருந்து அந்த இரண்டு விரல்களும் விரிப்பின்மேல் எதையோ துழாவிக்கொண்டே இருந்ததை நினைத்தாள். வலி என்றல்லவா எண்ணியிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் நான்தான் வெட்டி எடுத்தேன்" என்றாள்.

காலின் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"வண்டி எப்ப?"

"பன்னெண்டுக்கு."

"அப்ப நேரம் இருக்கு" என்று டேப்பை அவள் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே சுத்துங்க."

மாடியில் அக்காவின் விரல்கள் விறைத்திருந்தன. லொரைன் கட்டிலோரம் உட்கார்ந்து மெல்லச் சுற்றினாள்.

"இறுக்காதீங்க. விரலு மடங்கணும்."

தளர்த்திச் சுற்றினாள். அடுத்த விரலையும் முடித்துக் கத்தரிக்கோலைத் தேடினாள்.

"பல்லால" என்றான்.

கடித்து அறுத்தாள். கீழே வண்டி வந்து நின்றது, வாசல் மணி அடித்தது. லொரைன் எழுந்திருக்கவில்லை, டேப்பின் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

காலின் போய் அறைக் கதவைச் சாத்தினான்.