ஆறு நாற்பத்திரண்டு

மூன்றாவது முறையும் பழைய கம்ப்யூட்டர் இணைப்பை மறுத்தது. குளிர்கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில் பதினேழு வருடமாக ஓடும் லினக்ஸ் பெட்டி. பென் டிரைவைச் செருகினால் கண்டுகொள்ளாது. நெட்வொர்க் ஒயர் ஒன்றுதான் வழி. பழைய பாணி இணைப்பானாலும் சம்மதம் என்று அவள் தன் லேப்டாப்பில் ஒரு வரி சேர்த்தாள். பெட்டி இணங்கியது. கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குழாய்களைப் பார்த்துக்கொண்டது அண்ணன். இன்று விடியற்காலையில் குளிரூட்டும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து அவன் போய்விட்டான். உடலை மாலையில்தான் தருவார்கள்.

"இன்னைக்கு ஏம்மா உனக்கு இந்த வேலை?" மேனேஜர் வாசலை அடைத்து நின்றார்.

"அண்ணன் போட்டோ எல்லாம் இதுலதான் சார் இருக்கு. இன்னைக்கே கழட்டுறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா. சீக்கிரம் எடுத்துக்க." குரலைத் தாழ்த்தினார். "கசிவு அலாரத்தை அவனே நிறுத்தியிருக்கான்மா. பெரிசு பண்ண வேண்டாம்னு மேல பேசிட்டேன். நீயும் வெளிய விடாத."

அவள் தலையாட்டினாள். போன் அடித்தது. அம்மா.

"அவனுக்கு எந்தச் சட்டை எடுத்து வைக்க?"

"நீலக் கட்டம் போட்டது."

"அதுல ஒரு பொத்தான் இல்லையேடி."

"தைச்சு வைம்மா."

போனில் நூல் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

திரையில் பெயர்கள் ஓடின. படங்கள் முடிந்து அலாரப் பதிவுகள். கடைசியாக வந்ததில் இன்றைய தேதி. திறந்தாள். மூன்று ஐம்பதிலிருந்து வாயு அளவு ஏறிக்கொண்டே போயிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே 'அலாரம் பழுது'. எல்லாவற்றுக்கும் அடியில் 'அலாரம் நிறுத்தப்பட்டது'. நிறுத்தியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர்.

நேரம், காலை ஆறு நாற்பத்திரண்டு.

ஐந்தரைக்கே டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆறு நாற்பத்திரண்டுக்கு அண்ணனின் கை அவள் கைக்குள் சில்லிட்டுக் கிடந்தது. இந்தப் பெட்டியின் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகாது. வாராவாரம் சரிபார்ப்பவள் அவளே.

செத்தவன் தலையில் எதைக் கட்டினாலும் சுமப்பான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த யாரோ இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி. அலாரம் பழுது என்று அண்ணன் மாதாமாதம் மேனேஜருக்கு எழுதிய புகார்கள். அவள் திரையை லேசாகச் சாய்த்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" அவர் கை பெட்டியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"கொஞ்சம்தான் சார். சின்ன வயசுப் படம் வந்துட்டிருக்கு." குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியம். "தொண்டை அடைக்குது. குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனார்.

நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தார். புகார்க் கோப்பு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அவள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு மிடறு. டம்ளரைத் திரும்ப வாங்க அவர் கையை நீட்டியபடி நின்றார். தண்ணீர் இன்னும் பாதி இருந்தது.